அத்தை போட்ட கையெழுத்து

"ஒரு பொண்ண வளர்த்ததுல நீங்க என்னப்பா கத்துக்கிட்டீங்க?"

நான் கேட்ட நேரம் சரியில்லை. அப்பா அப்போ எரிஞ்சுபோன ஒரு அஞ்சு எச்.பி. மோட்டாரோட பழைய காயிலை வெட்டி வெளியே எடுத்து, சுத்து எண்ணிக்கிட்டு இருந்தார். பழைய காயில்ல எத்தனை சுத்தோ, புதுசுலயும் அத்தனை இருக்கணும். மாறினா மூணு ஃபேஸும் ஒரே அளவு கரண்ட் இழுக்காது, மோட்டார் திரும்பவும் சூடாகும். முப்பத்தெட்டு வரைக்கும் வந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எண்ணிக்கை விட்டுப்போச்சு பாப்பா. போய் டீ வாங்கிட்டு வா."

அவ்வளவுதான் பதில். இது பொங்கல் லீவுல நடந்தது. இந்த இதழுக்கு அப்பா அம்மாவைப் பத்தி எழுதச் சொல்லி க்ரூப்ல மெசேஜ் வந்திருந்தது. நாலு கேள்வி கேட்டு, நாலு பதில் வாங்கி, ஒரு போட்டோவோட அனுப்பிடலாம்னு நினைச்சிருந்தேன். இப்போ மொத்தத்தையும் நானே எழுத வேண்டியதாப் போச்சு.

அவர் சொல்லலைன்னாலும் கத்துக்கிட்டதுல சிலது எனக்குத் தெரியும். நான் வயசுக்கு வந்த புதுசுல அம்மா ஊர்ல இல்லாத ஒரு நாள், அப்பா மெடிக்கலுக்குப் போய் வாசல்லயே கால் மணி நேரம் நின்னுட்டு, கடைசில இருமல் மருந்து வாங்கிட்டு வந்தார். அடுத்த ரெண்டு வருஷத்துல அதே கடையில சத்தமா "விங்ஸ் வச்சது குடுங்க, போன தடவை குடுத்தது சரியில்லையாம்"னு கேட்க ஆரம்பிச்சுட்டார். கடைக்காரர்தான் அவசர அவசரமா பேப்பர்ல சுத்துவாராம்.

நான் பத்தாவது படிச்சது 2020 பேட்ச். நம்மள்ல பாதிப் பேர் அந்த 'ஆல் பாஸ்' கூட்டம்தானே. பரீட்சை இல்ல, ஸ்கூல் இல்ல, போன்ல டேட்டா இல்ல. ஒட்டன்சத்திரம் பக்கம் அப்பா வச்சிருக்கிற வைண்டிங் கடையில போய் உட்கார்ந்தேன். முதல்ல ஸ்லாட்டுக்கு பேப்பர் வெட்டிக் குடுத்தேன், அப்புறம் வார்னிஷ் அடிச்சேன், ஆகஸ்ட்ல ஒரு ஒன்றரை எச்.பி. மோட்டாருக்கு முழுசா காயில் கட்டினேன். அதை எடுக்க வந்த விவசாயி, "பொண்ணு கட்டினதா? ஓடுமா?"ன்னு கேட்டார். "ஆறு மாசம் கேரண்டி எழுதித் தரேன், எடுத்துட்டுப் போங்க"ன்னார் அப்பா. நான் ட்ரிபிள் ஈ எடுத்ததுக்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்னு கவுன்சிலிங் அப்போ கேட்டவங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க அப்பா கடையைப் பூட்டிட்டு மூணு நாள் அலைஞ்சார்.

இதோட நிறுத்தினா இது ஒரு நல்ல ஃபாதர்ஸ் டே ஸ்டேட்டஸ். நிறுத்த முடியல. போன மே மாசம் வில்லங்கச் சான்று பார்த்ததுல வந்த வினை.

எங்களுக்கு ரோட்டு ஓரமா ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் நிலம் இருக்கு. தாத்தாவோட அப்பா காலத்துல இருந்து வந்தது. ஒரு கிணறு, கொஞ்சம் முருங்கை, மழை பெஞ்சா சோளம். ரோடு அகலமானதுல இருந்து பிளாட் போடறவங்க சுத்திச் சுத்தி வராங்க. அவங்கள்ல ஒருத்தர் பேப்பர் எல்லாம் கேட்டாருன்னு, "அந்த ஆன்லைன்ல வில்லங்கம் பாக்கலாமாமே, எடுத்துக் குடு பாப்பா"ன்னார் அப்பா. பதிவுத்துறை வெப்சைட்ல சர்வே நம்பர் போட்டு எடுத்தேன். 2010ல ஒரே ஒரு பதிவு இருந்தது. விடுதலைப் பத்திரம். எழுதிக் கொடுத்தவர் கட்டத்துல அத்தை பேர். எழுதி வாங்கியவர் கட்டத்துல அப்பா பேர்.

ஒரிஜினல் எங்க இருக்குன்னு கேட்டு, ட்ரங்கு பெட்டியில இருந்து எடுத்துப் படிச்சேன். ஒண்ணும் புரியல. யூ.கே.ஜி.ல இருந்து இங்கிலீஷ் மீடியம்தான்னாலும் தமிழ்ல தொண்ணூறுக்குக் குறைஞ்சது இல்ல நான். ஆனா அந்தப் பத்திரத்துல இருக்கிறது நாம படிச்ச தமிழே இல்ல. பிரதிபிரயோசனம், பாத்தியதை, பின்தொடர்ச்சி. ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் டேட்டாஷீட்டை இதைவிட ஈசியா படிச்சிடுவேன்.

"படிச்சுச் சொல்லுங்கப்பா."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரேடியோ நியூஸ் மாதிரி படிச்சார். நாளது தேதியில் ரூபாய் பத்தாயிரம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, முழு மனதுடன், மேற்படி சொத்தில் எனக்குள்ள பாத்தியதையைத் தங்களுக்கு விடுதலை செய்து கொடுத்துவிட்டபடியால், இனி எனக்கும் என் வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை.

"அத்தைக்குப் பத்தாயிரம் குடுத்தீங்களா?"

"இல்ல. அது சும்மா எழுதறது. எல்லாப் பத்திரத்துலயும் ஒரு தொகை போடுவாங்க. ஒரு பட்டுச் சேலை எடுத்துக் குடுத்தோம்."

"சரி, விடுதலைன்னு போட்டிருக்கே. அத்தைய எதுல இருந்துப்பா விடுதலை பண்ணீங்க?"

நிஜமாவே புரியாமத்தான் கேட்டேன், குத்திக் காட்டணும்னு இல்ல. ரிலீஸ் டீட்னு சொல்லியிருந்தா அப்பவே புரிஞ்சிருக்கும். அப்பா பத்திரத்தை மடிச்சார். மடிப்பு சரியா வரல. பிரிச்சு, திரும்ப மடிச்சார். அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. வயிறு சரியில்லைன்னார்.

அத்தையைப் பத்திச் சொல்லணும். அப்பாவுக்கு மூணு வயசு மூத்தவங்க. 1991ல பத்தாவது, ஐநூறுக்கு நானூத்திப் பன்னிரண்டு. அந்த மார்க்கை எங்க வீட்ல யாரும் மறந்தது கிடையாது. எனக்குக் கணக்கு வரலைன்னா "உங்கத்தை மூளையில கால்வாசி இருந்தாக்கூட"ன்னுதான் அம்மாவே ஆரம்பிப்பாங்க. ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே வந்து ப்ளஸ் ஒன்ல சேர்க்கச் சொன்னாராம். தாத்தா, பஸ்ல போய்ப் படிக்கிற படிப்பு பொம்பளைப் புள்ளைக்கு வேண்டாம்னுட்டார். 1993ல கல்யாணம். அடுத்த வருஷம் அப்பா பத்தாவதுல இருநூத்தி எண்பத்தேழு வாங்கினார். அவரை ஐ.டி.ஐ.ல சேர்த்தாங்க. பஸ்லதான் போனார்.

என் சர்டிபிகேட்டுல முதல் பட்டதாரின்னு சீல் அடிச்சுக் குடுத்திருக்காங்க. அந்த சீல் எங்க வீட்டுக்கு முப்பது வருஷம் முன்னாடியே தேவைப்படாமப் போயிருக்கலாம்னு போன மே வரைக்கும் எனக்குத் தோணினதே இல்லை.

நமக்கு மேண்டேட்டரி கோர்ஸ்னு ஒண்ணு வருமே, கிரெடிட் கிடையாதுன்னு பின் பெஞ்ச் மொத்தமும் தூங்குமே, அதுல பெண்களும் பாலினமும் பத்தின பேப்பரை நான் எடுத்திருந்தேன். அசைன்மென்ட்டுக்காகக் கூகுள் பண்ணினது அப்போ ஞாபகம் வந்தது. பெண்களுக்கும் சொத்துல சம உரிமை வேணும்னு 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல தீர்மானம் போட்டாங்க. தமிழ்நாட்டுல அது சட்டமா வந்து சேர அறுபது வருஷம் ஆச்சு. இந்து வாரிசு உரிமைச் சட்டத்துல தமிழ்நாடு பண்ணின திருத்தம் 1989 மார்ச் 25ல இருந்து நடைமுறைக்கு வந்தது. பூர்வீகச் சொத்துல மகனுக்கு இருக்கிற பங்கு மகளுக்கும் பிறப்பாலேயே உண்டு. அந்தத் தேதிக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும் அப்போ கிடையாது. அந்தத் தடையும் இல்லாம இந்தியா முழுக்க மத்திய அரசோட திருத்தம் வந்தது 2005ல.

1989 மார்ச்ல அத்தை எட்டாவது படிச்சுட்டு இருந்தாங்க. அதாவது அந்த நிலத்துல சரிபாதி, எழுபது சென்ட், பத்திரம் எழுதின அன்னைக்கு அவங்களோடது. பாட்டி முன்னாடியே போயாச்சு, தாத்தா 2008ல. மிச்சம் இருந்தது இவங்க ரெண்டு பேருதான்.

இதை அப்பாகிட்ட சொன்னப்போ அவர் கோபப்படல. "தெரியும்"னார். "பத்திரம் எழுதினவர் அப்பவே சொன்னார், அக்கா கையெழுத்து இல்லாம செல்லாதுன்னு. அதனாலதானே வாங்கினோம்."

இந்த இடம் எனக்குக் கஷ்டமா இருந்தது. என்கிட்ட ஒரு நாள்கூட 'நீ பொம்பளைப் புள்ள'ன்னு சொல்லாத மனுஷன். நான் காயில் கட்டினதுக்குக் கேரண்டி எழுதிக் குடுத்தவர். அதே ஆள் 2010ல, எனக்கு ஆறு வயசு இருக்கும்போது, ஸ்கூட்டியில என்னை முன்னாடி நிக்க வச்சு ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போய் அக்காகிட்ட கையெழுத்து வாங்கியிருக்கார். ஆமா, நானும் போயிருக்கேன். அத்தை எனக்கு அன்னைக்கு ரோஸ்மில்க் வாங்கிக் குடுத்தாங்க. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எதுக்குப் போனோம்னுதான் தெரியாது.

ரெண்டு மாசம் அப்பா அதைப் பத்திப் பேசவே இல்ல. பிளாட்காரர் போன் பண்ணினா எடுக்கல. ஜூலைல ஒரு ஞாயித்துக்கிழமை, "வத்தலக்குண்டு வரைக்கும் போயிட்டு வரலாம், வரியா?"ன்னார். அத்தை வீடு அங்கதான். மாமா நிலக்கோட்டை பூ மார்க்கெட்ல ஒரு கமிஷன் கடையில வேலை பார்க்கிறார். அத்தை தையல் மிஷின் வச்சிருக்காங்க. மகளிர் குழுவுக்குக் கணக்கும் அவங்கதான் எழுதறாங்க. நாங்க போனப்போ அந்த நோட்டுதான் மடியில இருந்தது. அச்சடிச்ச மாதிரி கையெழுத்து.

அப்பா காபி குடிச்சார். மழை பத்திப் பேசினார். மாமாவோட முழங்கால் வலி பத்திக் கேட்டார். அப்புறம், "அக்கா, அந்த நிலத்துப் பத்திரம் விஷயமா..."ன்னு இழுத்தார்.

அத்தை நோட்டை மூடி வச்சுட்டு, மிஷின் மேல இருந்த பேனாவை எடுத்தாங்க.

"எங்கடா கையெழுத்துப் போடணும்?"

சாதாரணமாத்தான் கேட்டாங்க, கோபமே இல்ல. தம்பி நிலம்னு பேச்சை எடுத்தா இன்னொரு கையெழுத்துக்குன்னுதான் அவங்களுக்குத் தெரியும். அப்பா வாயைத் திறந்தார், வார்த்தை வரல. நான்தான், "அதுக்கு இல்லத்தை, திருப்பிக் குடுக்கணும்னு அப்பா நினைக்கறார்"னு சொன்னேன்.

அப்போதான் கோபம் வந்தது.

"ஏன், இப்ப என்ன வந்துச்சு?"

"தப்புப் பண்ணிட்டேன்க்கா."

"எது தப்பு? தொண்ணூத்தொண்ணுல நீ பதிமூணு வயசுப் பையன். அப்பாவை எதுத்துப் பேசச் சொல்லி உன்னை நான் கேக்கல. ரெண்டாயிரத்துப் பத்துல உனக்கு முப்பத்திரண்டு வயசுடா. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, 'அக்கா, உனக்கு இதுல பங்கு இருக்கு, வேணுமா வேண்டாமா'ன்னு ஒரு வார்த்தை கேட்டியா? கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கல இல்ல?"

மாமா மெதுவா எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டார். அத்தை என்னைக் காட்டி, "இவ கேட்டா, பதில் சொல்ல முடியல, அதனால வந்திருக்க. எனக்காக வரல"ன்னாங்க.

அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "ஆமாக்கா"ன்னார்.

அவர் பொய் சொல்லாததுல அத்தைக்குக் கொஞ்சம் கோபம் இறங்கின மாதிரி எனக்குத் தெரிஞ்சது. ஆனா சரின்னு சொல்லல. மத்தியானம் சாப்பாடு போட்டாங்க. கிளம்பும்போது வாசல்ல நின்னு, "பத்தாயிரம் வாங்கினேன்னு பத்திரத்துல போட்டிருக்கு, முதல்ல அதைக் கொண்டா"ன்னாங்க. விளையாட்டுக்கா நிஜமாவான்னு எங்க ரெண்டு பேருக்கும் புரியல. அடுத்த வாரம் அப்பா கொண்டுபோய்க் குடுத்தார். வாங்கி எண்ணிப் பார்த்து பீரோவுல வச்சாங்களாம்.

வீட்ல அம்மா. இதை எழுதாம விட்டா கதை நல்லா இருக்கும், ஆனா அது பொய்யாயிடும். அம்மா ஒத்துக்கல. இன்னைக்கு வரைக்கும் முழுசா ஒத்துக்கல. அவங்க சொல்றதுலயும் கணக்கு இருக்கு. அத்தை கல்யாணத்துக்குப் போட்ட நகைக்கு வாங்கின கடனை அப்பா ஐ.டி.ஐ. முடிச்சு வேலைக்குப் போய்த்தான் அடைச்சார். அத்தைக்கு ரெண்டு பொண்ணுங்க. ரெண்டு காது குத்து, ரெண்டு சடங்கு, பெரியவ கல்யாணம். தாய்மாமன் சீர்னு ஒவ்வொண்ணுக்கும் அப்பா தட்டு தட்டா தூக்கிட்டுப் போனார். "நிலம் உங்களுக்குங்கிறதாலதானே மதினிக்கு இத்தனையும் செஞ்சோம்? இப்ப நிலத்தையும் குடுத்தா செஞ்சதை யாரு திருப்பித் தருவா?" நம்ம ஊர்ல இதுதான் எழுதாத ஒப்பந்தம். அக்கா தங்கச்சி பங்கை விட்டுக்குடுப்பாங்க, பொறந்த வீடு சீர் செய்யும், கதவு திறந்திருக்கும். பங்கு கேட்டா கதவு சாத்திடும். கேக்காம இருக்கிறது பாசம். இதுல கதவைத் திறக்கிறதும் சாத்துறதும் ஏன் எப்பவும் ஒரே ஆள் கையில இருக்குன்னு எனக்குக் கேக்கத் தோணும். அம்மாகிட்ட கேட்டேன்.

அம்மா பாத்திரம் கழுவுறதை நிறுத்திட்டு, "நானும்தான் எங்கண்ணன்களுக்குக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு யாரு வந்து திருப்பித் தராங்க?"ன்னாங்க.

எனக்கு அது தெரியாது. இருபத்தொரு வருஷமா மாமா வீட்டுக்கு லீவுக்குப் போறேன், எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழிச்சு அம்மாவே கேட்டாங்க: "நாளைக்கு நீயும் தம்பிகிட்ட பங்கு கேப்பியா?"

தம்பி ப்ளஸ் டூ. பக்கத்து ரூம்ல ஹெட்போன் மாட்டிட்டு படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். அவனோட நான் சண்டை போடாத நாள் இல்ல, அவன் இல்லாம எனக்கு ஒரு நாளும் ஓடாது. வேண்டாம்னு சொல்லிட்டா அம்மா முகம் அந்த நிமிஷமே மலர்ந்திருக்கும். எனக்குக் கேம்பஸ்ல வேலை கிடைச்சிருக்கு, ஜூலைல சேரணும். எழுபது சென்ட்ல பாதி இல்லாம நான் பட்டினி கிடக்கப் போறதில்ல. வேண்டாங்கிற வார்த்தை வாய் வரைக்கும் வந்துடுச்சு. அத்தைக்கும் அப்படித்தான் வந்திருக்கும்.

"கேப்பேம்மா"ன்னு சொன்னேன்.

அம்மா ஒண்ணும் சொல்லல. திரும்பவும் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பிச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சு அப்பாகிட்ட, "குடுக்கறதுன்னா கிணத்துத் தண்ணிக்கும் சேர்த்து எழுதிக் குடுங்க, அப்புறம் அதுக்கு ஒரு சண்டை வரக்கூடாது"ன்னு சொன்னது என் காதுல விழுந்தது. அது சம்மதமான்னு அப்பாவும் கேக்கல.

பொங்கலுக்கு மறுவாரம் சனிக்கிழமை, காலேஜுக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள், சர்வேயர் டேப்போட வந்தார். அத்தை ஏழு மணி பஸ்ஸுக்கே வந்துட்டாங்க. நிலம் ரோட்டுப் பக்கம் இருநூத்திப் பத்து அடி, உள்ளே இருநூத்தித் தொண்ணூறு அடி சொச்சம். சர்வேயர் நடுவுல குறுக்கா ஒரு கோடு போட்டு, "முன்னாடி பாதி அண்ணனுக்கு, பின்னாடி பாதி அக்காவுக்கு. ஓரமா ஒரு பாதை விட்டுடலாம்"னார். அப்பா தலையாட்டப் போனார்.

"எழுபது சென்ட்டுன்னா எத்தனை சதுர அடி?"ன்னு அத்தை கேட்டாங்க.

நான் போனை எடுத்துக் கால்குலேட்டரைத் திறந்தேன். ஒரு சென்ட்டுக்கு நானூத்தி முப்பத்தஞ்சு பாயின்ட் ஆறு...

"முப்பதாயிரத்து நானூத்தித் தொண்ணூத்திரண்டு"ன்னு அத்தையே சொன்னாங்க. "குறுக்கப் போட்டாலும் அதான் வரும், நீளவாக்குல போட்டாலும் அதான் வரும். அப்புறம் எதுக்குய்யா அவனுக்கு ரோடு, எனக்குப் பாதை? நீளவாக்குல பிரி. ஆளுக்கு நூத்தியஞ்சு அடி ரோடு வரட்டும்."

சர்வேயர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "அக்கா சொல்றபடி போடுங்க"ன்னார்.

அத்தை செருப்பைக் கழட்டி வரப்புல வச்சுட்டு டேப்போட ஒரு முனையை வாங்கினாங்க. மறுமுனையை அப்பா பிடிச்சுக்கிட்டு முருங்கை மரம் தாண்டிப் பின்னாடி நடந்தார்.

"பத்திரத்துக்கு எப்போ நாள் பாக்கலாம்க்கா?"ன்னு அங்கிருந்து கத்திக் கேட்டார்.

"முதல்ல கல்லை நடு. வாங்கிக்கறேனா இல்லையான்னு அப்புறம் சொல்றேன். டேப்ப இழுத்துப் பிடிடா, தொய்யுது."